ஒரு பீஸ் டேமேஜ்

சரக்கு குறைந்ததற்காகச் சந்தேகப்படுகிற முதலாளிகளை ஜி.எஸ்.டி. ரோடு நெடுகப் பார்க்கலாம். சரக்கு கூடிவிட்டதே என்று சந்தேகப்பட்டவர், தெரிந்தவரை, பெருங்களத்தூர் கங்கா பைப்ஸ் அண்ட் சானிட்டரீஸ் துரைராஜ் ஒருவர்தான்.

ஆனால் கதை குறைந்ததிலிருந்துதான் தொடங்குகிறது.

துரைராஜின் அப்பா ஏரிக்குக் கீழே நெல் போட்டவர். துரைராஜ் காலத்தில் நிலம் மனையாயிற்று, மனை அடுக்குமாடியாயிற்று. அந்த அடுக்குமாடிக்காரர்களுக்கே குழாய் விற்கிற வேலை துரைராஜுக்கு வாய்த்தது. "நம்ம நெலத்துல இப்போ வெளையறது லீக்கேஜுதான். அத்த அறுவடை பண்ணிகினு கீறேன்" என்பார். கடைச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாக்கள். எல்போ, டீ, கப்ளிங், வால்வு. எதில் எது என்பது அவருக்கும் கவுண்டரில் நிற்கும் டெனிசுக்கும் மட்டும் தெரியும். பாதி நாள் அவர்களுக்கும் தெரியாது.

ஒரே மகள் வினிதாவுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மாப்பிள்ளை மோகன்ராஜ் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். அதை மூடிய பிறகு மாமனார் கடைக்கு வந்து உட்கார்ந்தார். குடியிருப்பு மாமனார் வீட்டு மாடியில். "வீட்டோட மாப்பிள்ளை" என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததும் அவருக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பைப் பிசைந்தபடி வினிதா ஆரம்பித்தாள்.

"ப்பா, உன் கடையில என்ன ஸ்டாக் இருக்குன்னு உனக்கே தெரியாது. ஒரு சிஸ்டம் போடலாம். ஒவ்வொண்ணுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் பண்ணா, எது எவ்ளோ இருக்குன்னு போன்லயே தெரியும்."

"போன்ல பாத்து நான் இன்னா பண்ணப்போறேன்? கடைலதான குந்திகினு கீறேன்?"

"யார் எடுத்தா, எப்ப எடுத்தா எல்லாம் காட்டும்ப்பா."

அந்த ஒரு வாக்கியத்தில் துரைராஜ் விழுந்துவிட்டார். பிறவியிலேயே சந்தேகக்காரர். பஸ்ஸில் டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார். கோயிலில் விட்ட செருப்பு அங்கேயே இருந்தால், அது தன்னுடையதுதானா என்று யோசிப்பார்.

சிஸ்டம் போட வந்தவன் ஷ்யாம்சுந்தர். கிழக்குத் தாம்பரம் காலனிப் பையன். கழுத்தில் அட்டை, வாயில் எப்போதும் "ஒண்ணும் பிராப்ளம் இல்ல சார்". ஸ்டிக்கர் ஒட்டி முடிவதற்குள் டெனிசின் விரல் ரேகையே அழிந்துபோயிற்று. எல்லாம் முடிந்த அன்று துரைராஜின் மனைவி கங்கையம்மாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, கடைசி ஒண்ணு கீதுன்னா அத்தயும் வித்துடச் சொல்லுமா இந்த மிஷினு?"

"ஜீரோ ஆனாதான் மேடம் புதுசு ஆர்டர் போடச் சொல்லும். சரக்கு தேங்காம ஓடணும்."

"ஒண்ணு மிச்சம் வெக்காம எப்படிப்பா விக்கறது? வெள்ளிக்கெழம கூடவா?"

துரைராஜ் சத்தமாகச் சிரித்தார். "தே, கங்கா! வெள்ளி, செவ்வாயெல்லாம் மிஷின்ல ஏறாது. உன் சாஸ்திரத்த ஊட்டோட வெச்சுக்க." ஷ்யாம்சுந்தரும் மரியாதைக்குச் சிரித்தான். கங்கையம்மாள் சிரிக்கவில்லை. பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு போனாள்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியூர் போகிற கூட்டம் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்த ஒரு நாள், பக்கத்துக் காலனியிலிருந்து பட்டாபிராமன் சார் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தொட்டி நிரம்பியதும் தண்ணீரைத் தானாக நிறுத்துகிற பால் காக் அவருக்கு வேண்டும். மேலே மழை, உள்ளே தொட்டி, இரண்டும் சேர்ந்து கொட்டுகிறதாம்.

மோகன்ராஜ் கம்ப்யூட்டரைத் தட்டினார். "ஒண்ணு இருக்கு சார்."

டெனிஸ் டப்பாவில் கையை விட்டான். துழாவினான். டப்பாவைக் கவிழ்த்தான். "காலியா கீது."

"இருக்குன்னு போட்டிருக்கு. இல்லேங்கறேளே?" என்றார் பட்டாபிராமன். "இதுல யாரை நம்பறது?"

துரைராஜுக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. அன்றிலிருந்து அது நிற்கவில்லை. அடுத்து ஒரு கேட் வால்வு. அடுத்து பித்தளை நிப்பிள். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது என்றது. டப்பா இல்லை என்றது. நிறைய இருக்கிற சாமானில் ஒன்றுகூடக் குறையவில்லை. போனதெல்லாம் கடைசியாக இருந்ததுதான்.

"இது இன்னாடா திருட்டு?" என்று டெனிசைக் கேட்டார். "திருடறவன் மூட்டையோட தூக்குவான். ஒத்தை நிப்பிள வெச்சு இன்னா பண்ணுவான், மூக்குத்தி போடுவானா?"

"மொதலாளி, மிஷினு புளுகுது. முன்னெல்லாம் எதுவுமே காணாமப் போனதில்ல பாருங்க."

"முன்ன போனது தெரியலடா, பேமானி."

டெனிசின் டிபன் பையைச் சோதித்தார். அதில் நெத்திலிக் கருவாடும் நனைந்த துண்டும் இருந்தன. டெனிஸ் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் மத்தியானம், "இன்னைக்கு சுறாப்புட்டு, பாக்கறீங்களா?" என்று டப்பாவைத் தானாகவே திறந்து காட்டிவிட்டு உட்கார்ந்தான்.

கடைக்குள் வருகிற பையெல்லாம் இப்போது துரைராஜின் கண்ணுக்குத் தப்பாது. மத்தியானம் மனைவியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடும்போது மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், பின்னால் எவன் எதைத் தூக்குகிறானோ என்று. கூடையை அவர்தான் தூக்கிக் கொடுப்பார். காலிப் பாத்திரக் கூடைகூட இப்படிக் கனக்கிறதே, வயசாகிவிட்டது என்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

பிறகுதான் கூடியது. பால் காக் புதுச் சரக்கு வந்தது. ஸ்கேன் செய்து டப்பாவில் போட்டார்கள். மறுநாள் அவரே எண்ணினார், ஒன்று அதிகம். கேட் வால்விலும் அப்படியே. நிப்பிளிலும். அதிகமாக இருந்த பால் காக்கைத் தனியே எடுத்துப் பார்த்தார். அவர்கள் ஒட்டிய பழைய ஸ்டிக்கர். காணாமல் போன அதே பால் காக். கழுத்தில் மட்டும் லேசாக ஏதோ மஞ்சள் கறை. மோந்து பார்த்தார். பழகிய வாசனைதான், என்னவென்று பிடிபடவில்லை.

எடுத்தவன் திருப்பி வைத்துவிட்டான். திருடனையாவது புரிந்துகொள்ளலாம். எடுத்ததைத் திருப்பி வைக்கிறவன் என்ன திட்டத்தோடு இருக்கிறானோ!

"எவனோ ஒருத்தன் நம்ம கடைய வெச்சு ரகசியமா தனிக் கடை நடத்தறான்" என்றார் வீட்டில்.

கங்கையம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "திருப்பி வந்துடுச்சுல்ல? உடு."

"அதான் எனக்கு பேஜாரா கீது."

"போனாலும் பேஜாரு, வந்தாலும் பேஜாரு. உனக்கு இன்னாதான் வேணும்?"

மோகன்ராஜ் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். வழக்கமாக இரண்டாம் முறை குழம்பு கேட்பவர், அன்று கேட்கவில்லை. துரைராஜ் அதைக் குறித்துக்கொண்டார்.

*

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. கம்ப்யூட்டர் ஒன்று என்றால் டப்பாவில் ஒன்று. இல்லை என்றால் இல்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். துரைராஜுக்கு அதுதான் பெரிய சந்தேகம். எப்படித் திடீரென்று நின்றது? நிறுத்தியது யார்?

மோகன்ராஜ் பேங்குக்குப் போன நேரம் பார்த்து ஷ்யாம்சுந்தரை வரவழைத்தார்.

"ஒண்ணும் பிராப்ளம் இல்ல சார்" என்றபடி ஷ்யாம்சுந்தர் தட்டினான். பிறகு நிமிர்ந்தான். "சார், எல்லாம் கரெக்டாதான் டேலி ஆகுது. டேமேஜ்னு அப்பப்ப ஒவ்வொரு பீஸ் கழிச்சிருக்காங்க. அப்புறம் சரியாயிடுச்சுன்னு திரும்பச் சேத்திருக்காங்க."

"டேமேஜா? எவன் பண்ணது?"

"மோகன் சார் லாகின்தான் சார். ஷாப் க்ளோஸ் பண்ற டைம்ல." அவன் முகம் மாறிவிட்டது. "சார், இது நார்மல்தான் சார். ஒடஞ்சிருக்கும்."

"பித்தளை வால்வு எப்படிப்பா ஒடையும்? அப்புறம் எப்படி தானா ஒட்டிக்கும்?"

பதிலாக ஷ்யாம்சுந்தர் பையை மாட்டிக்கொண்டான்.

துரைராஜுக்குக் கோபம்கூட வரவில்லை. மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டால் மகள் போய்விடுவாள். கேட்காவிட்டால் தூக்கம் போய்விடும். எதை விடலாம் என்று யோசித்தார். தூக்கத்தை விடத்தான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் சாயங்காலம் மோகன்ராஜ் ஸ்கூட்டரை எடுக்கும்போது கால்கள் தாமாகவே நடந்துபோய் முன்னால் நின்றன.

"மாப்ள, டிக்கியில ஸ்பேனர் கீதா?"

"இல்ல மாமா."

"இல்ல... சும்மா தொறந்து பாருங்களேன்."

மோகன்ராஜ் அவரைப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிய டெனிஸ் அப்படியே நின்றான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மோகன்ராஜ் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு ரெயின்கோட். மடித்த பழைய துணி. பிறகு தோளில் மாட்டியிருந்த பையையும் அவராகவே கழற்றி, ஜிப்பைத் திறந்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தார்.

"சட்டைப் பாக்கெட்டையும் பாத்துக்கறீங்களா மாமா?"

"சேச்சே, இன்னா மாப்ள நீங்க, நான் ஸ்பேனருக்குதான்..."

"ஸ்பேனர் கடைக்குள்ள நூறு இருக்கு மாமா."

சொல்லிவிட்டு நனைந்தபடியே போனார். ரெயின்கோட்டை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. டெனிஸ் மீதி ஷட்டரையும் இறக்கினான். "என் பைய பாத்தீங்க, சரி. நான் கடையில வேல பாக்கறவன். அவரு உங்க பொண்ணு புருசன், மொதலாளி" என்றான்.

அன்று ராத்திரியே வினிதா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அழுதிருந்தாள், குரலில் அழுகை இல்லை.

"நாவலூர்ல ஒரு ஃப்ளாட் பார்த்து வெச்சிருந்தேன். இவர்தான் வேணாம், அத்தையும் மாமாவும் தனியாயிடுவாங்கன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தாரு. இன்னைக்கு அட்வான்ஸ் அனுப்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம போறோம்."

"வினி, நான் இன்னா சொன்னேன்னா..."

"நான் வாங்கிக் குடுத்த சிஸ்டத்தை வெச்சே என் புருஷனைத் திருடனாக்கிட்ட இல்ல?"

கங்கையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். பால் பொங்கி வழிந்தபோதுகூட அடுப்பை அணைக்கவில்லை.

*

மறுநாள் மத்தியானம் கங்கையம்மாள் கூடையோடு கடைக்கு வந்ததும், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு துரைராஜ் வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்கு ஆதாரம் வேண்டும். மாப்பிள்ளை குற்றவாளி என்று காட்டுவதற்கா, இல்லை என்று காட்டுவதற்கா என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

மாடி அறை பூட்டியிருந்தது. கட்டிலுக்கடியில், பரணில், மோட்டார் பெட்டிக்குள் எல்லாம் தேடினார். பல்லி விழுந்து பயந்தார். அரிசி வைக்கிற உள்ளறையில் பெரிய எவர்சில்வர் ட்ரம்மின் பின்னால் பழைய அலுமினிய ட்ரம் ஒன்று, மேலே கோணிச் சாக்கு. சாக்கை எடுத்து மூடியைத் திறந்தார்.

அடியில் ஒரு கை அரிசி பரப்பியிருந்தது. அதன் மேல் அவருடைய கடையே இருந்தது. ஒரு ஆங்கிள் காக். ஒரு ஃபுட் வால்வு. ஒரு யூனியன். ஒரு ஷவர் தலை. எல்லாவற்றிலும் ஒவ்வொன்றுதான். ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தது. மூக்கில் ஏறியது அந்த வாசனை. வெள்ளிக்கிழமை வாசற்படி வாசனை.

"வயித்து வலிக்கு ட்ரம்முல இன்னா தேடற?"

கங்கையம்மாள் வாசலில் நின்றாள். கூடை கையில். அவருக்கு வயிறு சரியில்லை என்றதும் அடுத்த ஷேர் ஆட்டோவிலேயே பின்னால் வந்திருக்கிறாள்.

துரைராஜ் ஷவர் தலையைத் தூக்கிக் காட்டினார்.

"நாந்தான்" என்றாள். "அரிசி ட்ரம்ம என்னைக்காவது வழிச்சு காலி பண்ணிக்கீறனா நானு? ஒரு கை வெச்சிட்டு, அதும்மேலதான் புதுசு கொட்டுவேன். இத்தன வருசமா சோத்துக்கு நின்னமா? கடையில முன்ன நீயும் அப்பிடித்தான் வெச்சிருந்த. கடைசி ஒண்ணக் கேட்டா, அது சாம்பிளு, விக்கறதுக்கில்லன்னுவ. இந்த மிஷினு வந்து எல்லாத்தயும் தொடச்சு எடுன்னுது. தொடச்சு எடுக்கவா கடை வெச்சோம்? அதான் கடைசி ஒண்ண இங்க கொண்டாந்து வெச்சு, புதுசு வந்ததும் திருப்பி வெச்சேன்."

"அத்த வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். அந்த அட்டை மாட்டின தம்பி முன்னால சிரிச்ச."

துரைராஜ் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"வெள்ளம் வந்து கடைல எல்லாம் அடிச்சுகினு போச்சே, அப்ப சேத்துக்குள்ள ஒரே ஒரு கொழா கெடந்துது, ஞாபகம் கீதா? அத்தக் கொண்டாந்து இதுலதான் போட்டேன். அடியில பாரு. அது இருந்ததுனாலதான் கடை திரும்ப எழுந்துது."

பேங்குக் கடன், மச்சினன் கைமாற்று, முட்டி தேய அலைந்த அலைச்சல், இவற்றால் கடை எழுந்ததாகத்தான் துரைராஜ் இதுவரை நினைத்திருந்தார். அதைச் சொல்கிற நேரமாகத் தெரியவில்லை.

"அப்ப மாப்ள?"

"கூடையில வால்வு போடறப்ப பாத்துட்டாரு. வெலவெலத்துப் போய்ட்டேன். 'நீங்க எடுத்துட்டுப் போங்கத்தை, மிஷின்ல நான் பாத்துக்கறேன்'னாரு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல, நானாதான் ட்ரம்மக் காட்டினேன். நேத்து நீ அவர் பையத் தொறக்க வெச்சப்பகூட என் பேரச் சொல்லல." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ராத்திரியே சொல்லிடறேன்னேன். 'வேணாம்த்தை, மாமா உங்களத் திட்டுவாரு'ன்னாரு. எனக்கும் பயம். கம்முனு இருந்துட்டேன். என் பொண்ணு வூட்ட உட்டுப் போறதுக்கு நீ பாதி, நான் பாதி."

துரைராஜ் ஷவர் தலையை அரிசியின் மேல் திரும்ப வைத்தார். மற்றதையெல்லாம் எண்ணவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் எண்ணாமல் மூடினார்.

*

கடைக்குத் திரும்பியபோது பட்டாபிராமன் சார் நின்றிருந்தார். பின்பக்கத் தொட்டிக்கும் ஒரு பால் காக் வேண்டுமாம். டெனிஸ் டப்பாவிலிருந்து எடுத்துவிட்டான். அதுதான் கடைசி. மோகன்ராஜ் ஸ்கேன் செய்யக் கையை நீட்டினார்.

"அது விக்கறதுக்கில்ல சார்" என்றார் துரைராஜ்.

"என்னய்யா இது? அன்னிக்கு இருக்குன்னு காட்டித்து, பொருள் இல்லே. இன்னிக்கு பொருளே இருக்கு, இல்லேங்கறேர்!"

"அது சாம்பிளு சார். நாளைக்கு புதுசு வந்ததும் நானே எடுத்தாந்து மாட்டிக் குடுக்கறேன்."

பட்டாபிராமன் கம்ப்யூட்டரை ஒரு முறையும் துரைராஜை ஒரு முறையும் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். மோகன்ராஜின் கை நீட்டியபடியே இருந்தது.

"ட்ரம்மப் பாத்துட்டீங்களா மாமா?"

"பாத்தேன்."

"அத்தையைத் திட்டினீங்களா?"

"அவதான் என்னைய திட்டினா." துரைராஜ் கவுண்டர் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தார். "மாப்ள, நான் ஒரு கேனக் கிறுக்கன். என் நெழலு பின்னால வந்தாகூட எவன்டா அதுன்னு கேக்கற ஜாதி. மனசுல வெச்சுக்காதீங்க. போவாதீங்க மாப்ள."

"எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா பொய் மாமா" என்றார் மோகன்ராஜ், மெதுவாக. "கடைக்கு வருவேன். ஆனா ஃப்ளாட்டுக்குப் போறது போறதுதான். வினிதாகிட்ட அத்தை சொல்லட்டும், நீங்களும் பேசுங்க. அவ கோவம் ஆறட்டும். கொஞ்ச நாள் தள்ளி இருந்தா நல்லதுன்னு எனக்கே தோணுது."

டெனிஸ் பால் காக்கைத் துண்டால் துடைத்து டப்பாவில் திரும்ப வைத்தான். பூனைக்குட்டியைப் படுக்க வைப்பது போல வைத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை தூறலில் குட்டியானை வண்டி வாசலில் நின்றது. பீரோ ஏறியது, மெத்தை ஏறியது. கங்கையம்மாள் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். வினிதா அம்மாவிடம் பேசினாள். அப்பாவிடம் "ம்" என்றும் "சரி" என்றும் மட்டும் சொன்னாள். முதல் நாள் அதுவும் இல்லை என்பதால் துரைராஜ் அதை லாபமாக எடுத்துக்கொண்டார்.

மாடி அறை காலியாகிக்கொண்டே வந்தது. ஆணிகளும் காலண்டர் இருந்த இடத்து வெள்ளைச் சதுரமும் தெரிந்தன. துரைராஜ் கடைசியாக மேலே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார். சட்டைக்குள் வயிற்றருகே ஏதோ புடைத்திருந்தது. கையால் மறைத்துக்கொண்டு தூணோரம் நின்றார்.

வண்டியில் ஏறப்போன வினிதா பாத்திர அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"ஏங்க, சீர்ல குடுத்த டம்ளர் செட்டுல ஒண்ணு குறையுது. உங்க பேர் வெட்டினது. மேல வெச்சிருந்தேனே, பார்த்தீங்களா?"

மோகன்ராஜ் திரும்பினார். தூணைப் பார்த்தார். மாமனாரின் கை மறைத்திருந்த இடத்தைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, உள்ளறைப் பக்கம் நகர்ந்து, ட்ரம்முக்கு வழிவிடுவது போல நின்றதையும் பார்த்தார்.

"டேமேஜ்ல போட்டுடு வினிதா" என்றார்.

"எவர்சில்வர் டம்ளர் எப்படிங்க டேமேஜ் ஆகும்?"

"ஆகும். அப்புறம் தானா சரியாயிடும். வந்து எடுத்துக்கலாம்."

வினிதா அப்பாவைப் பார்த்தாள். துரைராஜ் மழை நிற்கிறதா என்று வானத்தைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் வயிற்றில் சில்லென்று இருந்தது. அவள் பெட்டியை மூடி, டேப்பை ஒட்டாமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.